மோட்டாரை மாற்றும் முன் சக்கரத்தைச் சுற்றிப் பார்!



ரிமோட் கார் வேண்டும் என்று வீட்டில் கேட்டிருக்கிறாயா? உண்டியலில் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறாயா? நல்ல நேரத்தில்தான் இந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறாய். கடைக்குப் போகும் முன் நாம் கொஞ்சம் பேசிவிடலாம், வா.

கடையில் ஒரு கார் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அடுத்த அலமாரியில் இருப்பதோ சில ஆயிரம். இரண்டும் ஓடுகின்றன. இரண்டும் திரும்புகின்றன. பெட்டியின் மேல் உள்ள படம்கூட ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு எதற்கு இத்தனை விலை வித்தியாசம்?

இந்தக் கேள்வி உனக்குத் தோன்றியிருந்தால் நீ கெட்டிக்காரப் பிள்ளை. பெரும்பாலானவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எது வேகமா ஓடும்?" நாம் வேறொன்று கேட்போம். "இதைக் கழற்றி மாட்ட முடியுமா?"

கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, காரைத் தலைகீழாகத் திருப்பிப் பார். அடிப்பகுதியில் வரிசையாகத் திருகாணிகள் தெரிகின்றனவா? சக்கரத்தின் நடுவில் கழற்றக்கூடிய ஒரு நட்டு இருக்கிறதா? மோட்டார் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடிகிறதா? அப்படியென்றால் அது வளரக்கூடிய கார். எல்லாமே பசை போட்டு ஒட்டி, அமுக்கி மூடியிருந்தால் அது உடையும் வரை மட்டுமே கார். உள்ளே ஒரு சின்னப் பற்சக்கரத்தில் ஒரு பல் போனாலும் முழுக் காரும் குப்பைக்குப் போகும்.

அடுத்து இன்னொரு கேள்வியும் கேள். "இதுக்கு உதிரி பாகம் கிடைக்குமா, அண்ணா?" சக்கரம், பற்சக்கரம், அச்சு எல்லாம் தனித்தனியே கிடைக்கும் என்று அவர் சொன்னால், அந்தக் காருக்கு முதல் மதிப்பெண் போட்டுவிடு.

சரி, எவ்வளவு பெரிய கார் வாங்கலாம்? பெட்டியில் 1:10, 1:16, 1:24 என்று எழுதியிருக்கும். நிஜக் காரை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்று அது சொல்கிறது. 4 மீட்டர் நீளக் காரை 1:10 ஆக்கினால் 40 செ.மீ. 1:16 என்றால் 25 செ.மீ. 1:24 என்றால் ஏறக்குறைய 17 செ.மீ.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கார் சுருங்கும், தெருவில் கிடக்கும் கல் சுருங்காது. 1 செ.மீ. உயரக் கூழாங்கல், 1:24 காருக்கு 24 செ.மீ. பாறை! உன் அப்பாவின் கார் அதன்மேல் ஏறுமா? ஏறாது அல்லவா? அதனால் வீட்டுக் கூடத்தில் மட்டும் ஓட்டுவாய் என்றால் 1:24 போதும். மண் தரையும் புல்லும் உள்ள மைதானத்தில் ஓட்டுவதற்கு 1:16 அல்லது 1:10 வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத மொட்டை மாடியில் எந்தக் காரையும் ஓட்ட வேண்டாம். ஓட்டுகிறவர்களின் கண் காரின் மேலேயே இருக்கும், காலடியில் இருக்காது.

இப்போது ரிமோட்டைக் கையில் எடுப்போம்.

கம்பி இல்லாமல் ஒரு பொருளை ஓட்டிக் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. 1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில், தண்ணீர்த் தொட்டியில் மிதந்த ஒரு சின்னப் படகை ரேடியோ அலையால் இயக்கினார். அந்த ஆண்டே அதற்குக் காப்புரிமையும் பெற்றார். உன் கையில் இருக்கும் ரிமோட் அந்தப் படகின் கொள்ளுப் பேத்தி.

பழைய ரிமோட் கார்களின் படங்களைப் பார்த்திருக்கிறாயா? ரிமோட்டின் தலையில் நீளமான ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும். இப்போதைய ரிமோட்டுகள் பலவற்றில் அது இல்லை. எங்கே போயிற்று?

நாமே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். ரேடியோ அலை ஒரு நொடியில் 30 கோடி மீட்டர் ஓடும். பழைய ரிமோட்டுகளில் பல, நொடிக்கு 2.7 கோடி முறை அதிரும் அலையை அனுப்பின. இதைத்தான் 27 மெகாஹெர்ட்ஸ் என்பார்கள். 30 கோடியை 2.7 கோடியால் வகுத்துப் பார். ஓர் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர்! இப்போதைய ரிமோட்டுகளில் பல, நொடிக்கு 240 கோடி முறை அதிரும் அலையை அனுப்புகின்றன. அது 2.4 கிகாஹெர்ட்ஸ். 30 கோடியை 240 கோடியால் வகுத்தால் 0.125 மீட்டர், அதாவது 12.5 செ.மீ.

ஆன்டெனா பொதுவாக அலை நீளத்தில் கால் பங்கு இருந்தால் நன்றாக வேலை செய்யும். 12.5இல் கால் பங்கு எவ்வளவு? சுமார் 3 செ.மீ. அது ரிமோட்டின் வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிடும். காருக்குள் அந்த அலையை வாங்கும் ரிசீவரிலிருந்து ஒரு மெல்லிய கம்பி வெளியே வரும். பல ரிசீவர்களில் அந்தக் கம்பியின் நுனியில் 3 செ.மீ. மட்டும் மேலுறை நீக்கி மெலிதாக இருக்கும். அதுதான் உண்மையான ஆன்டெனா. அதை வெட்டிவிடாதே, சுருட்டியும் வைக்காதே.

2.4 கிகாஹெர்ட்ஸில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே அலைவரிசையில் இயங்கும் பழைய 27 மெகாஹெர்ட்ஸ் கார்கள் இரண்டு ஒரே இடத்தில் ஓடினால், உன் ரிமோட்டுக்கு நண்பனின் கார் திரும்பிவிடும். சண்டையும் வந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டும் காரும் முதலிலேயே ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொள்கின்றன. ஒரே மைதானத்தில் பல கார்கள் குழப்பமில்லாமல் ஓடும். வாங்கும்போது பெட்டியில் 2.4 என்ற எண்ணைத் தேடிப் பார்.

அடுத்து திருப்பும் பகுதி. இதை மட்டும் கடையிலேயே சோதித்துவிடு. ரிமோட்டின் சக்கரத்தைக் கொஞ்சமாகத் திருப்பு. காரின் முன்சக்கரமும் கொஞ்சமாகத் திரும்பினால் நல்லது. கொஞ்சம் திருப்பினாலும் சக்கரம் ஓரத்துக்கே போய் டக்கென்று இடித்து நின்றால், அந்தக் காருக்கு "முழு இடம், முழு வலம்" என்ற இரண்டே சொல்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு வளைவில் அழகாக ஓட்டக் கற்க முடியாது.

கொஞ்சமாகத் திரும்பும் காருக்குள் சர்வோ என்ற சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு குட்டி மோட்டாரும், சில பற்சக்கரங்களும், "இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறேன்" என்று பார்த்துச் சொல்லும் ஓர் உறுப்பும் இருக்கின்றன. எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரிகிறது? பள்ளிக்கூட மணியை நினைத்துக்கொள். சுருக்கமாக அடித்தால் அடுத்த பாடவேளை. நீளமாக அடித்தால் வீட்டுக்குப் போகலாம். மணி ஒன்றுதான், அடிக்கும் நேரம்தான் வேறு. சர்வோவுக்கும் ஒரு கம்பி வழியாக, நொடிக்குச் சுமார் 50 முறை மின்துடிப்பு வருகிறது. துடிப்பு ஒரு நொடியின் ஆயிரத்தில் 1.5 பங்கு நீடித்தால் நேராக நில். 1 பங்கு என்றால் ஒரு பக்கம் திரும்பு. 2 பங்கு என்றால் மறுபக்கம். இடையில் எந்த அளவானாலும் அதற்கேற்ற கோணம். புரிந்ததா? ஒருமுறை மெதுவாக மறுபடி படி, புரிந்துவிடும்.

சரி, கார் வாங்கியாயிற்று. நன்றாகவும் ஓடுகிறது. சில வாரம் போனதும் கை பரபரக்கும். "இன்னும் வேகமா ஓட வைக்கணும்!" உடனே பெரிய மோட்டார் வாங்கத் தோன்றும். கொஞ்சம் பொறு, கண்ணா.

பேட்டரியில் இருக்கும் ஆற்றல் தரையைத் தொட எத்தனை கை மாறுகிறது என்று பார்க்கலாம். பேட்டரியிலிருந்து வேகக் கட்டுப்பாட்டுப் பலகைக்கு. அங்கிருந்து மோட்டாருக்கு. மோட்டாரின் நுனியில் பினியன் என்ற சின்னப் பற்சக்கரம். அது பெரிய பற்சக்கரத்தைச் சுற்றும். அது அச்சை, அச்சு சக்கரத்தை, சக்கரத்தின் டயர் தரையை. வழியில் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் ஆற்றல் உராய்வாகவும் சூடாகவும் தொலைகிறது. நம் வேலை புது ஆற்றலைக் கொட்டுவது அல்ல. தொலையும் இடத்தைக் கண்டுபிடிப்பது.

காரைக் கையில் தூக்கு. மோட்டாரோடு இணையாத சக்கரத்தை விரலால் சுண்டிவிடு. பின்சக்கரத்தால் ஓடும் காரானால் முன்சக்கரத்தைச் சுண்டு. சில நொடி சுற்றுகிறதா? அல்லது அரைச் சுற்றிலேயே சோம்பி நிற்கிறதா?

நின்றுவிட்டால் நடுவிலுள்ள நட்டைக் கழற்றிச் சக்கரத்தை உருவு. அச்சைச் சுற்றி ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம் இருக்கும். மெக்கானிக் அண்ணன்மார் இதை புஷ் என்பார்கள். மலிவான கார்களில் இதுதான் இருக்கும். அச்சும் புஷ்ஷும் நேருக்கு நேர் தேய்ந்துகொண்டே சுற்றுகின்றன. மைதானத்து மண் உள்ளே போய் கிரீஸோடு கலந்து கறுப்பாக அப்பியிருக்கும். அதைத் துடைத்தாலே பாதி நோய் தீரும். அந்த புஷ்ஷுக்குப் பதில் அதே அளவில் பேரிங் போட்டுப் பார். அதற்குள் குட்டிக் குட்டி இரும்புக் குண்டுகள் இருக்கின்றன. தேய்வதற்குப் பதில் அவை உருள்கின்றன. உருளும்போது உராய்வு மிகவும் குறைவு. இப்போது சக்கரத்தைச் சுண்டு. உன் முகத்தில் சிரிப்பு வரும் என்று எனக்குத் தெரியும்!

என்னைக் கேட்டால், குறைந்த செலவில் காருக்குச் செய்யக்கூடிய மிக நல்ல உதவி இந்த பேரிங்தான். மோட்டார் குளிர்ச்சியாக ஓடும். பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். அச்சும் அதிகம் தேயாது.

இரண்டாவது, டயர். மோட்டார் எவ்வளவு முறுக்கினாலும் டயர் தரையைப் பிடிக்காவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். வழவழப்பான தரைக்கு மென்மையான ரப்பர். மண்ணுக்குத் தடித்த பட்டைகள் உள்ள டயர். புது டயர் வாங்கும் முன் ஒன்று செய். பழைய டயரை ஈரத் துணியால் நன்றாகத் துடை. தூசிதான் பாதி வழுக்கலுக்குக் காரணம். இதற்குச் செலவே இல்லை.

மூன்றாவதாகப் பற்சக்கரம். பினியனில் 17 பற்கள், பெரிய சக்கரத்தில் 51 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் எத்தனை முறை சுற்றினால் பெரிய சக்கரம் ஒருமுறை சுற்றும்? 51ஐ 17ஆல் வகு. மூன்று. சபாஷ்! பினியனை 19 பற்களாக்கினால் சுமார் 2.7 சுற்றே போதும். கார் வேகமாகப் போகும். ஆனால் மோட்டாருக்கு இழுவைப் பாரம் கூடும், சூடாகும். பினியனை 15 பற்களாகக் குறைத்தால் வேகம் குறையும். ஆனால் மேட்டில் முக்காமல் ஏறும். மோட்டாரை மாற்றாமலே காரின் குணத்தை மாற்றிவிட்டாய், பார்த்தாயா?

பினியனை மாற்றும்போது இரண்டு சக்கரங்களும் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும்? அதிகம் நெருங்கினால் இறுகி அரைக்கும். விலகினால் பற்கள் வழுக்கி உடையும். இதற்குப் பழகிய கைகள் செய்யும் ஒரு தந்திரம் உண்டு. நோட்டுப் புத்தகத் தாளில் ஒரு மெல்லிய பட்டையைக் கிழித்துக்கொள். இரண்டு பற்சக்கரங்களுக்கும் நடுவில் அதை வைத்து, மோட்டாரை மெல்ல அழுத்தித் திருகாணியை முடுக்கு. பிறகு சக்கரத்தைச் சுற்றித் தாளை வெளியே எடு. தாளில் அலை அலையாக மடிப்பு விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான். அந்தத் தாளின் தடிமன்தான் பற்களுக்கு வேண்டிய இடைவெளி.

இத்தனைக்கும் பிறகுதான் மோட்டார். ஏன் கடைசியில் என்று கேட்கிறாயா? ஒரு கதை சொல்கிறேன். டபிள்யூபிஎல் சி-24 என்று ஒரு சீன கார் இருக்கிறது. 1:16 அளவு, நான்கு சக்கரத்துக்கும் இழுவை, மெதுவாகக் கல் மேட்டில் ஏறும் வகை. விலை குறைவு. முழுதாக மாட்டியும் கிடைக்கும், நாமே மாட்டிக்கொள்ளும் உதிரிகளாகவும் கிடைக்கும். இதை வாங்குகிறவர்களில் சிலர் முதலில் வலிமையான மோட்டார் போடுகிறார்கள். உடனே பிளாஸ்டிக் பற்சக்கரத்தின் பல் போகிறது. சரி என்று உலோகப் பற்சக்கரம் போடுகிறார்கள். அது உடையாது. ஆனால் அந்த விசை அடுத்த உறுப்புக்குப் போகிறது. ஆற்றலைக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் தண்டு முறுக்கிக்கொள்கிறது. அதற்கும் உலோகம் போட்டால் காரின் எடை கூடுகிறது. கூடிய எடையை இழுக்க மோட்டார் திணறுகிறது.

கவனித்தாயா? நாம் பலவீனத்தை அழிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்!

அதனால் எல்லாப் பிளாஸ்டிக்கும் மட்டம் என்று நினைத்துவிடாதே. விலை குறைந்த ஒரு பல் உடைந்து, விலை உயர்ந்த மோட்டாரைக் காப்பாற்றுகிறது. வீட்டில் ஃபியூஸ் போவதும் அதற்குத்தானே? எது உடைந்தால் செலவு குறைவு என்று யோசித்து, அந்த உறுப்பை மட்டும் மெலிதாக விட்டுவைப்பதும் பொறியாளரின் வேலைதான்.

சின்ன மோட்டாரும் மட்டமல்ல. 1984இல் ஜப்பானின் டமியா நிறுவனம் கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் என்று இரண்டு 1:10 கார்களை வெளியிட்டது. அடிச்சட்டம் ஏறக்குறைய ஒன்றே. கிராஸ்ஹாப்பருக்குச் சின்ன மோட்டார், ஹார்னெட்டுக்குப் பெரிய மோட்டார். புதிதாக ஓட்டுகிறவர்களுக்குச் சின்ன மோட்டார் வண்டியே பொருத்தம். அதில் ஓட்டக் கற்றவர்கள் ஏராளம்.

பேட்டரியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன். கோபித்துக்கொள்ளாதே.

பல கார்களில் லித்தியம் பேட்டரி வருகிறது. ஓர் அறைக்கு 3.7 வோல்ட். இரண்டு அறை சேர்ந்தால் 7.4. மூன்று சேர்ந்தால் 11.1. "மூன்று அறை பேட்டரி போட்டால் பறக்கும்" என்று யாராவது சொல்வார்கள். மின்னழுத்தம் ஒன்றரை மடங்கானால், ஒரே மின்தடையில் திறன் 1.5 × 1.5, அதாவது இரண்டேகால் மடங்கு ஆகிறது. அந்தச் சூட்டைத் தாங்கும்படி செய்யாத கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து புகை வரும். பல மலிவு கார்களில் ரிசீவரும் வேகக் கட்டுப்பாடும் ஒரே பலகையில் இருக்கின்றன. ஒன்று கருகினால் இரண்டும் போச்சு. காரின் குறிப்பில் என்ன வோல்ட் போட்டிருக்கிறதோ அதுதான்.

வேகத்துக்குப் பதில் நேரம் வேண்டுமா? மில்லி ஆம்பியர் மணி என்ற எண்ணைப் பார். 1500 என்று போட்டிருந்து, கார் சராசரியாக 6 ஆம்பியர் இழுத்தால் எவ்வளவு நேரம் ஓடும்? 1500 என்பது 1.5 ஆம்பியர் மணி. அதை 6ஆல் வகுத்தால் கால் மணி நேரம். அதே வோல்ட்டில் இன்னொரு பேட்டரி இருந்தால் அரை மணி நேரம் விளையாடலாம்.

லித்தியம் பேட்டரியைப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடு. அதற்கென்றே வந்த சார்ஜரில் போடு. இரவில் போட்டுவிட்டுத் தூங்காதே. ஓட்டி முடித்த சூட்டோடு போடாதே. பேட்டரி உப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. குத்தாதே, அமுக்காதே. அப்பாவிடமோ அம்மாவிடமோ உடனே கொடுத்துவிடு.

இன்னொரு கணக்கு. டபிள்யூஎல்டாய்ஸ் 144001 என்ற 1:14 காரின் விளம்பரத்தில் மணிக்கு 60 கி.மீ. என்று இருக்கும். நொடிக்கு எவ்வளவு? ஏறக்குறைய 17 மீட்டர். ஆபத்தைக் கண்டு உன் விரல் அசைய கால் நொடி ஆகும். அதற்குள் கார் 4 மீட்டர் ஓடிவிடும்! வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. அதனால்தான் முதல் கார் மெதுவான காராக இருக்கட்டும் என்கிறேன். வளைவில் உருளாமல் திருப்பவும், நினைத்த இடத்தில் நிறுத்தவும் முதலில் கை பழகட்டும். வேகமான கார்களில் பலவற்றின் ரிமோட்டில் வேகத்தைக் குறைத்து வைக்கும் திருகு ஒன்று இருக்கும். இருந்தால் வெட்கப்படாமல் பாதியில் வை.

இனி உனக்கு ஒரு வேலை. தரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போடு. ஒருவர் ஓட்டட்டும், ஒருவர் கடிகாரம் பிடிக்கட்டும். போகும்போது மூன்று முறை, திரும்பும்போது மூன்று முறை அளந்து சராசரி எடு. தரை லேசாகச் சரிந்திருந்தாலும் காற்று அடித்தாலும் இப்படிச் செய்தால் கணக்கு அதிகம் கெடாது. பிறகு ஒன்றே ஒன்றை மாற்று. டயரைத் துடை, அல்லது பேரிங் போடு, அல்லது பினியனை மாற்று. மறுபடி அதே இடத்தில், முழு சார்ஜோடு அள. இரண்டை ஒரே நாளில் மாற்றிவிட்டால் எதனால் வேகம் கூடியது என்று உனக்கே தெரியாமல் போய்விடும்.

உன் அளவுகளை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி எங்களுக்கு அனுப்பு. என்ன மாற்றினாய், எந்தத் தரை, எத்தனை நொடி என்று மூன்றும் அதில் இருக்கட்டும். வேகம் குறைந்திருந்தாலும் அப்படியே எழுது. ஆவலோடு படிப்பேன்.